ஒற்றைக் காலில் வீக்கம்: நரம்புப் பிசகா, யானைக்காலா, வேறு ஏதாவதா?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2024, மாலை 6.15

அம்மாவுக்கு வயது 61. நாலு நாளாக இடது கெண்டைக்காலில் வலியும் வீக்கமும். காலையில் கொஞ்சம் வடிகிறது, சாயங்காலம் கல் மாதிரி ஆகிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, சர்க்கரையும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா நரம்புப் பிசகு என்று சொல்லி ராத்திரி ராத்திரி நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிடுகிறார். நீவும்போது அம்மா கத்துகிறார், அப்புறம் சுகமாக இருக்கிறது என்கிறார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் திங்கள்கிழமைதான் வருவார். அதுவரை ஐஸ் வைக்கலாமா, வெந்நீர் ஒத்தடமா?

3 ஆகஸ்ட், இரவு 8.05

ஐஸ், வெந்நீர் எல்லாம் அப்புறம். முதலில் நீவுவதை நிறுத்துங்கள். இன்று ராத்திரியிலிருந்தே. பக்கத்து வீட்டு அம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஒரே காலில், அடிபடாமல், நாலு நாளுக்குள் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உள்ளே ஓடும் பெரிய சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது இல்லை என்று தெரிகிறவரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறார்கள். கட்டி இருக்கிற காலை அழுத்தி நீவினால் துண்டு உடைந்து ரத்தத்தோடு மேலே ஏறி நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. திங்கள்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். டாப்ளர் ஸ்கேன் (ரத்தக் குழாயைப் பார்க்கிற ஸ்கேன்) எடுக்கிற இடமாகப் பார்த்து நாளைக்கே போங்கள், அரசு ஆஸ்பத்திரியானாலும் சரி. இடையில் மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ யோசிக்காமல் 108.

நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்தில் பைப்பும் எல்போவும் விற்கிறவன். 2022 செப்டம்பரில் இதே மாதிரி ஒரு காலை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் அலைந்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

3 ஆகஸ்ட், இரவு 9.30

சொல்ல விட்டுப்போனது. வீட்டில் தையல் டேப் இருக்குமே, அதை எடுத்து இரண்டு காலையும் அளந்து எழுதி வையுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கம் எலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் சுற்றளவு. வலிக்கிற கால் மற்றதைவிட மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெருத்திருந்தால் டாக்டர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு 38.5ம் 35ம். கண்ணுக்குப் பார்த்தால் "லேசான வீக்கம்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூன்றரை சென்டிமீட்டர் லேசானது இல்லை என்று பைப் விற்கிற எனக்கே டேப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். குழி விழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். குழி ஒரு காலில் மட்டுமா, இரண்டிலுமா என்பது முக்கியம். அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், கடை சாத்தி வந்து கண் சொருகுகிறது.

4 ஆகஸ்ட், காலை 6.50

என் கதை.

கடையில் கீழ் ராக்கிலிருந்து நாலு இஞ்ச் பெண்டு எடுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தேன். இடது முழங்காலுக்குப் பின்னால் டப்பென்று ஏதோ விட்டது. அடுத்த நொடி கெண்டைக்காலுக்குள் யாரோ வெந்நீர் ஊற்றியதுபோல் சூடாக இறங்கியது. வெளியே ஈரம் இருக்கிறதா என்று வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன், அவ்வளவு நிஜமாக இருந்தது. ஒன்றுமில்லை. குரக்களி இழுத்துவிட்டது என்று காலை உதறிவிட்டு வியாபாரத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை குதிகாலை ஊன்ற முடியவில்லை. மெடிக்கலில் வலி மாத்திரை. மூன்றாம் நாள் தெருக்கோடி டாக்டர் தசை கிழிந்திருக்கும் என்று கட்டுப் போட்டு அனுப்பினார். நாலாம் நாள் கட்டைப் பிரித்தால் கணுக்கால் வரை வீக்கம்.

அதைப் பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். என் அத்தைக்கு யானைக்கால். சாயங்காலமானால் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பழைய வெள்ளை வேட்டித் துணியால் துடைப்பார். யாராவது வந்துவிட்டால் புடவைத் தலைப்பைக் காலின் மேல் போட்டுக்கொள்வார். அம்மா அந்தக் காலைத்தான் என் காலில் பார்த்தார். நானும்தான்.

ஐந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இருந்த இளைஞர்தான் முதன்முதலாக டேப் எடுத்து அளந்தவர். முகம் மாறியது. சிரையில் கட்டி இருக்கலாம், ஸ்கேன் ரூம் காலையில்தான், அதுவரை சும்மா விடக்கூடாது என்று வயிற்றில் ஊசி போட்டார், ரத்தம் உறையாமல் இருக்க. காலையில் டாப்ளர். கட்டி இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் "ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்" என்று இருந்ததால் வார்டில் ஊசியை நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு நாள் போட்டார்கள். கால் இன்னும் கெட்டியாகி, வலி கூடி, வெளிக் கணுக்காலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு நீலம் கட்டியது.

ஒன்பதாம் நாள் தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டர். வயதான அம்மா ஒருவர், டாக்டர்தான். ஜெல்லைத் தடவுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: "இந்த முழங்கால் இதுக்கு முன்னாடி வலிக்குமா?"

நாலு வருஷமாக வலிக்கிறது. எழுந்தால் கடக்கென்று சத்தம் கேட்கும். ஆறு மாதமாக முழங்காலின் பின்மடிப்பில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு மேடு வேறு, பைக்கில் உட்கார்ந்தால் சீட் விளிம்பில் அழுந்தும். இதை ஒன்பது நாளில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. கெண்டைக்காலுக்குத்தானே வந்திருக்கிறோம், முழங்கால் கதை எதற்கு என்று இருந்துவிட்டேன். அவர்களும் கேட்கவில்லை.

அவர் புரோபை நேராகப் பின்மடிப்பில் வைத்தார். திரையில் கருப்பாக ஒரு பை, அதற்கு ஒரு மெல்லிய கழுத்து. படக்கதையில் பேச்சு எழுத ஒரு பலூன் வரைவார்களே, அப்படியே. பேக்கர் நீர்க்கட்டி. அதன் அடிப்பக்கம் கிழிந்து, உள்ளே இருந்த மூட்டு நீர் கெண்டைக்காலின் தசைகளுக்கு நடுவே இறங்கியிருந்தது. ஊற்றிய வெந்நீர் அதுதான்.

ஆக, சிரையில் ஒன்றுமில்லை, யானைக்காலும் இல்லை. முழங்கால்.

4 ஆகஸ்ட், காலை 7.20

திருத்தம். வீட்டில் இதைப் படித்துவிட்டு, நீலம் கட்டியது வெளிக் கணுக்கால் இல்லை, உள் கணுக்கால் என்கிறார். "தினம் எண்ணெய் தடவச் சொல்லி என்கிட்டதானே காட்டினீங்க." சரி, உள் கணுக்கால்.

(எண்ணெய் தடவினாரா என்று கேட்கவேண்டாம். தடவினார். நேற்று ராத்திரி நான் அவ்வளவு அதட்டலாக எழுதியதற்கு அதுவும் காரணம்.)

4 ஆகஸ்ட், மதியம் 2.10

மன்னார்குடியிலிருந்து ஒருவர், "அப்படியென்றால் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி உங்களை ஊசி போட்டுக் கெடுத்ததுதானே" என்று கேட்கிறார். நான் எழுதியதைத் திரும்பப் படித்தால் அப்படித்தான் தொனிக்கிறது. அந்தக் கோபம் எனக்கு ஒரு வருஷம் இருந்தது. இப்போது பாதிதான் இருக்கிறது.

பாதி ஏன் போனது என்றால், அந்த ராத்திரி அவர் முன்னால் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரி. கட்டி இருக்குமா என்று ஊகிக்க வெல்ஸ் என்ற கனடா டாக்டர் பெயரில் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, 1997இல் வந்தது. கெண்டைக்கால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெருத்தால் ஒன்று. அந்தக் காலில் மட்டும் குழி விழுந்தால் ஒன்று. சிரை ஓடும் தடத்தில் தொட்டால் வலித்தால் ஒன்று. புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்தால், சமீபத்தில் மாவுக்கட்டுப் போட்டிருந்தால், மூன்று நாளுக்கு மேல் படுக்கையில் கிடந்திருந்தால், பன்னிரண்டு வாரத்துக்குள் பெரிய ஆபரேஷன் ஆகியிருந்தால், முன்பு ஒருமுறை கட்டி வந்திருந்தால் என்று இன்னும் சில. இரண்டு வந்தாலே சந்தேகம் பலம். எனக்கு மூன்று. கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும், அதனால் ஸ்கேனுக்காக ஒரு ராத்திரி காத்திருக்கும்போது முதல் ஊசியைப் போட்டுவிடுவது நியாயம்தான்.

மீதிப் பாதி ஏன் போகவில்லை? அதே மதிப்பெண் முறையில் ஒரே ஒரு கழித்தல் இருக்கிறது. "இதற்கு வேறு காரணம் அதே அளவுக்குப் பொருந்துகிறது" என்றால் இரண்டைக் கழிக்க வேண்டும். மூன்றில் இரண்டு போனால் ஒன்று, படமே மாறிவிடும். ஆனால் அந்த இரண்டைக் கழிக்க வேண்டுமானால் யாராவது என் முழங்காலைத் தொட்டிருக்க வேண்டும், அல்லது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்த பிறகு "அப்படியானால் இது என்ன" என்று இன்னொரு தடவை யோசித்திருக்கலாம், அதுவும் நடக்கவில்லை. கிழிந்த நீர்க்கட்டிக்கு உறைவு எதிர்ப்பு ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசிந்து தசைக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறலாம். அழுத்தம் மிஞ்சினால் விரல் மரத்து, பாதத்தை அசைக்க முடியாமல், அவசரமாகக் காலைக் கீறித் திறக்க வேண்டிய நிலை வரும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. பிறை நீலத்தோடு நின்றது.

"ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்" என்று எழுதியதைக் குறை சொல்ல மாட்டேன். முதல் ஸ்கேன் பெரும்பாலும் தொடையையும் முழங்காலின் பின்பக்கத்தையும்தான் பார்க்கும். கெண்டைக்காலில் சின்னதாக ஒரு கட்டி இருந்து, அது மேலே வளர்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் மறு ஸ்கேன். அந்த வரியை வார்டில் "சந்தேகம் இன்னும் தீரவில்லை, ஊசி தொடரட்டும்" என்று படித்துக்கொண்டார்கள்.

4 ஆகஸ்ட், மாலை 5.45

டாப்ளரில் கட்டி இருப்பது எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் கடையில் பச்சை ஓஸ் விற்கிறேன். காலி ஓஸை மிதித்தால் தட்டையாகும். உள்ளே சேறு இறுகியிருந்தால் ஆகாது. நல்ல சிரை புரோபை வைத்து அழுத்தினால் இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளும், விட்டால் திறக்கும். கட்டி இருந்தால் மடங்காது. கலர் கலராக ஓடுகிற படம் துணைக்குத்தான், இந்த அமுக்கல்தான் முக்கியம். பாதத்தை மேல்நோக்கி மடக்கி கெண்டைக்கால் வலித்தால் கட்டி என்று பழைய சோதனை ஒன்று உண்டு, ஹோமன்ஸ் பெயரில். எனக்கு அது நன்றாக வலித்தது, கட்டி இல்லாமலே. கட்டி இருக்கிற பலருக்கு வலிக்காமலும் இருக்கும். அதை வீட்டில் செய்து பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

நீர்க்கட்டியும் எங்கள் கடைச் சாமான்தான். முழங்கால் மூட்டுக்கும் அந்தப் பைக்கும் நடுவே உள்ள வழி பெரும்பாலும் என்.ஆர்.வி. வால்வு மாதிரி வேலை செய்கிறது. தேய்மானத்தாலோ உள்ளே குருத்தெலும்பு கிழிந்தோ மூட்டில் நீர் அதிகமானால், மடக்கி நீட்டும்போது நீர் பைக்குள் போகும், திரும்பி வராது. பை ஊதிக்கொண்டே போகும். ஒருநாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால்... என் கதைதான்.

4 ஆகஸ்ட், இரவு 10.20

யானைக்கால் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் டெல்டா ஆட்கள் என்று நினைக்கிறேன்.

அது இப்படி ஒரே ராத்திரியில் கெண்டைக்காலில் ஆரம்பிப்பது அரிது. பல வருஷம் கொசுக்கடி வாங்கி, புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் குடியேறி, குழாய் கெட்டு, பாதத்தின் மேல்பக்கத்திலும் கணுக்காலிலும் மெல்ல மெல்ல ஏறுவது. நடுநடுவே குளிர்க் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுவது, காலில் சிவப்பு. அத்தைக்கு மாதம் தவறாமல் அந்தக் காய்ச்சல் வரும். விரல் இடுக்குப் புண் வழியாகக் கிருமி நுழைவதால்தான் அது என்றும், ஊதாத் தண்ணீரைவிட சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி ஈரமில்லாமல் துடைப்பதுதான் முக்கியம் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். துடைக்கிற பாதியை அத்தை யாரும் சொல்லாமலே சரியாகச் செய்திருக்கிறார்.

தஞ்சாவூர் அம்மா சொல்லிக்கொடுத்தது ஒன்று. காலின் இரண்டாவது விரல் ஆரம்பிக்கிற இடத்தில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் பெரும்பாலும் அது நிணநீர் வீக்கம் இல்லை. தோல் தடித்து கிள்ளவே வராவிட்டால் யோசிக்க வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் இது ஏமாற்றலாம், அதனால் முடிவாக எடுக்கவேண்டாம். எனக்குத் தோல் சுலபமாக வந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து கிள்ளிக் காட்டினேன். அவர் தன் காலையும் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

ரத்தத்தில் புழுக்குஞ்சு பார்க்க ராத்திரி பத்திலிருந்து இரண்டு மணிக்குள் எடுக்க வேண்டும், நம் பக்கத்துப் புழு அந்த நேரத்தில்தான் மேல் ரத்தத்துக்கு வரும். சின்ன வயசில் சுகாதாரத் துறை ஆட்கள் டார்ச்சோடு நடுராத்திரி கதவைத் தட்டி எல்லோர் விரலிலும் குத்தி எடுத்ததன் காரணம் இதுதான். நாங்கள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வோம். இப்போது பகலிலேயே பார்க்கிற கார்டு டெஸ்ட் இருக்கிறது.

5 ஆகஸ்ட், காலை 9.15

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், எல்லோரும் மேலே போய்ப் படியுங்கள். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: நேற்று மதியம் அம்மாவை அழைத்துப் போயிருக்கிறார். அளந்தது 36ம் 32ம். டாப்ளரில் இடது தொடைச் சிரையில் கட்டி. அட்மிட் செய்து ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். மூச்சுத் தொந்தரவு இல்லை. பேசுகிறார், சாப்பிடுகிறார், ஆஸ்பத்திரி இட்லி கல்லாக இருக்கிறதாம்.

அப்புறம், போகிற போக்கில் ஒரு வரி: "டாக்டர் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, ஐந்து வாரத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள்."

ஐந்து வாரம்! கேள்வியில் சர்க்கரை இல்லை, காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை என்றெல்லாம் இருந்தது. ஆபரேஷன் இல்லை. சிரித்துவிடாதீர்கள், என் முழங்காலும் அதே ரகம்தான். வயிற்றில் செய்ததற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அசையாமல் படுத்திருப்பது, ஆபரேஷனில் திசு அறுபடுவது, அதனால் ரத்தம் சுலபமாக உறைகிற தன்மைக்கு மாறுவது, இந்த மூன்றும் சேர்கிற நேரம் அது. சில வாரங்கள் வரை அந்த ஆபத்து இருக்கும்.

இடது கால் என்பதும் தற்செயல் இல்லையாம். அடிவயிற்றில் வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின் மேல் குறுக்கே படுத்து அழுத்துகிறது. அதனால் இடது பக்கம் கொஞ்சம் அதிகம்.

5 ஆகஸ்ட், காலை 10.00

இதையும் சொல்லிவிட வேண்டும். நேற்று நாள் முழுக்க நான் நீர்க்கட்டி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். கேள்வி கேட்டவர் அதைப் படித்துவிட்டு, "அம்மாவுக்கும் முழங்கால் வலி உண்டு, அப்போ இதுவும் நீர்க்கட்டிதான் போல, திங்கள்கிழமையே போகலாமா" என்று தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தார். மதியம் பன்னிரண்டரைக்கு. நான் கடையில் இருந்தேன், பார்க்கவில்லை. பார்த்திருந்தால் "எதற்கும் ஸ்கேன் எடுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நம்புகிறேன், ஆனாலும் உள்ளே ஒரு நடுக்கம். அவர் தம்பி பிடிவாதமாக வண்டியை எடுத்திருக்கிறார்.

61 வயதில் முழங்கால் வலி யாருக்குத்தான் இல்லை. நீர்க்கட்டி கிழிந்த காலிலும் கட்டி சேர்ந்து இருக்கலாம், இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாது. எனக்குக்கூட தஞ்சாவூர் அம்மா பையைக் கண்டுபிடித்த பிறகும் சிரைகளைத் தொடையிலிருந்து கீழே வரை ஒருமுறை முழுசாக அமுக்கிப் பார்த்தார். நேற்று எழுதியபோது அது என் கதையின் சுவையைக் கெடுத்ததால் விட்டுவிட்டேன்.

5 ஆகஸ்ட், மதியம் 3.30

டி-டைமர் (உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்கை அளக்கும் ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்ட நண்பருக்கு: 0.62 என்பது லிட்டருக்கு மில்லிகிராமில். எல்லை 0.5. எனக்கு வந்த 1,140 மில்லிலிட்டருக்கு நானோகிராமில், எல்லை 500. 0.5ம் 500ம் ஒரே அளவுதான், அலகு வேறு. சில லேப் டி.டி.யூ. என்ற இன்னொரு கணக்கில் தரும், அதில் எண் ஏறக்குறைய பாதியாக வரும். எனவே எண்ணை விட்டுவிட்டு, பக்கத்தில் அச்சடித்திருக்கும் எல்லையைப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி அதையே எல்லையாக வைப்பதும் உண்டு, அப்போது எனக்கு 54, எல்லை 540.

ஆனால் இந்த டெஸ்டைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு இது எல்லைக்குள் வந்தால் "கட்டி இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பலாம். கூடி வந்தால் கட்டி என்று அர்த்தமில்லை. காய்ச்சல், கர்ப்பம், ஆபரேஷன், புற்றுநோய், தோலுக்கடியில் ரத்தம் கன்றுவது, வெறும் வயசு எல்லாமே ஏற்றிவிடும். என் 1,140 எனக்கு ஒன்றையும் சொல்லவில்லை, என் மனைவியை மட்டும் ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை.

5 ஆகஸ்ட், இரவு 9.50

நரம்பு என்ற சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா சொன்ன "நரம்புப் பிசகு" தசைநாண். "நரம்புத் தளர்ச்சி" மூளையிலிருந்து வருவது. "நரம்பு சுருட்டிக்கிச்சு", "நரம்புல ஊசி போட்டாங்க" என்றால் சிரை. மூன்றுக்கும் ஒரே சொல். அந்த அம்மா ஒரு வகையில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நரம்புதான், வேறு நரம்பு. பிசகு என்று நினைத்தால் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகிறது.

5 ஆகஸ்ட், இரவு 10.30

தூக்கம் வராத நேரத்தில் கிடைத்த ஒரு பொருத்தம். பேக்கர் என்பவர் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் சர்ஜன். முழங்கால் பின்னால் வரும் இந்தப் பையைப் பற்றி அவர் எழுதியது 1877. அதே 1877இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் தன் தோட்டக்காரரைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்து, அந்தக் கொசுக்களை அறுத்துப் பார்த்து, யானைக்கால் புழு அதற்குள் வளர்கிறது என்று கண்டுபிடித்தார். என் வீட்டுத் திண்ணையில் நாலாம் நாள் மோதிக்கொண்ட இரண்டு வியாதிக்கும் ஒரே வருஷம் ஜாதகம். (பேக்கருக்கு முன்பே 1840இல் டப்ளினில் ஆடம்ஸ் என்பவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். பெயர் அவருக்குப் போகவில்லை. எங்கள் தெருவில் முதலில் கடை வைத்தது என் அப்பா, பேர் வாங்கியது எதிர்க் கடை.)

6 ஆகஸ்ட், காலை 7.05

இரண்டு கால் வீக்கம் பற்றி எழுதுகிறேன் என்று முதல் நாள் சொல்லி மறந்தேவிட்டேன். இரண்டு கணுக்காலும் ஒன்றுபோல் வீங்கினால் தேடல் மேலே போகிறது: இதயம், சிறுநீரகம், கல்லீரல். அப்புறம் மாத்திரை டப்பா. என் மனைவிக்கு ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் கொலுசு இறுகியது. உப்பைக் குறைத்தோம், காலைத் தலையணையில் தூக்கி வைத்தோம், கொலுசைக் கழற்றினோம். கடைசியில் டாக்டர் மாத்திரையை மாற்றினார், பத்து நாளில் கொலுசு திரும்பிவிட்டது. நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டு மாற்றுங்கள்.

சிவந்து, சூடாக, தொட்டால் சுடுகிற மாதிரி, காய்ச்சலோடு ஒரு கால் வீங்கினால் தோலுக்கடியில் கிருமித் தொற்று, செல்லுலைட்டிஸ். சர்க்கரைக்காரர்கள் அன்றே போக வேண்டும். அக்கி என்று சொல்லி செம்மண் எழுதுவது எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. எழுதுங்கள், எழுதிக்கொண்டே ஆட்டோவில் ஏறுங்கள்.

19 ஆகஸ்ட், இரவு 8.40

கேள்வி கேட்டவர்: வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஊசி முடிந்து மாத்திரை, மூன்று மாதம். ஆபரேஷனால் வந்த கட்டி என்பதால் அவ்வளவு போதும் என்றிருக்கிறார்களாம். வலி மாத்திரை எதையும் கேட்காமல் போடக்கூடாது, ரத்தக் கசிவு வரும்.

என் கால் என்ன ஆயிற்று என்று இருவர் கேட்டார்கள். ஊசியை நிறுத்தி, காலைத் தூக்கி வைத்து, ஐஸும் பாராசிட்டமாலும். ஐந்து வாரத்தில் வடிந்தது. பை போய்விடவில்லை, முழங்கால் தேய்ந்திருக்கும்வரை வந்துகொண்டுதான் இருக்கும் என்றார்கள். தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், முதல் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தேன். இப்போது பின்மடிப்பில் மறுபடி ஒரு நெல்லிக்காய். நாலு இஞ்ச் பெண்டுகளை மேல் ராக்குக்கு மாற்றிவிட்டேன், கீழே மூடிகளும் சொல்யூஷன் டின்னும்.

11 நவம்பர், மாலை 6.20

மூன்று மாத மாத்திரை முடிந்து, மறு ஸ்கேனில் சிரை நன்றாக மடங்குகிறதாம். சாயங்காலம் லேசாக வீக்கம் தட்டுகிறது, காலுறை போடச் சொல்லியிருக்கிறார்கள், அம்மா போட மாட்டேன் என்கிறாராம். டேப்பை மட்டும் விடுவதில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, பேனாவால் கோடு போட்டு அளந்திருக்கிறார். இரண்டும் 33.